நைரோபில குடும்பம் நடத்துறதப் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

வீட்டுக்காரருக்கு நைரோபில அக்கவுண்ட்ஸ் வேலை, வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு பிள்ளைங்க, பெரியவ எட்டாவது, சின்னவன் நாலாவது. ஊருக்கு எப்ப வந்தாலும் கல்யாண வீட்டுப் பந்தில உக்காந்தா பக்கத்து இலைல இருந்து ஆரம்பிச்சிடும் கேள்வி. பேமிலி வாட்ஸ்அப் குரூப்லயும் அதே கேள்விதான். அதான் ஒரேயடியா எழுதி வச்சிட்டேன், இனிமே கேக்குறவங்களுக்கு அப்படியே அனுப்பிட வேண்டியதுதான்.

ஆப்பிரிக்கால எங்க இருக்கீங்க?

கென்யா, அதுல நைரோபி. ஆப்பிரிக்கால மொத்தம் 54 நாடு இருக்கு, ஆனா எந்த மூலைல என்ன நடந்தாலும் போன் எங்களுக்குத்தான் வரும். நாங்க வந்த புதுசுல, 2014-ல, எபோலா பரவுச்சே, அது கினி, லைபீரியா, சியரா லியோன் பக்கம், கண்டத்தோட அந்தக் கோடி. கென்யால ஒரு கேஸ்கூட வரல. ஆனா அத்தை தினமும் போன் போட்டு, கைக்குழந்தைய வச்சிக்கிட்டு அங்க என்னடி பண்றீங்க, பொட்டியக் கட்டிட்டு வாங்கன்னு அழுதாங்க. அப்புறம் ஒரு மேப் எடுத்து எங்க வீட்டுக்கு ஒரு புள்ளி, எபோலா இருக்கிற இடத்துக்கு ஒரு புள்ளி வச்சு அனுப்புனேன். அந்த மேப்ப மாமா பிரிண்ட் போட்டு ஹால்ல ஒட்டிட்டாரு. இப்ப மாமாதான் எங்களுக்கு முன்னாடி நியூஸ் பாக்குறாரு, 2025 ஜனவரில காங்கோல கோமா நகரத்த எம்23-ங்கிற கிளர்ச்சிப்படை ஆளுங்க புடிச்சப்ப ராத்திரி பத்து மணிக்கு போன், "ஏம்மா அது உங்களுக்கு எவ்ளோ தூரம்"னு.

வெயில் கொளுத்துமே?

இல்ல. நைரோபி கடல் மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு. எங்க வீட்ல ஃபேனே கிடையாது, ஜூலைல பிள்ளைங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போகும். நம்ம ஊர்ப் புழுக்கம் வேணும்னா கடலோரத்துல இருக்கிற மொம்பாசா போகணும்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? நம்ம சாமான் எல்லாம் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசுவேன். முதல்ல வந்தப்ப பொட்டி பூரா பருப்பும் புளியும் அடைச்சிக்கிட்டு வந்தோம், எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. இங்க தெருமுனைல காய்கறி விக்கிற அக்காவ சுவாஹிலில "மாமா ம்போகா"ன்னு கூப்புடுவாங்க, அவங்க கடைல கீரைக்கட்டு அடுக்கி வச்சிருப்பாங்க பாருங்க, அதுல மனாகுன்னு ஒண்ணு, எடுத்துப் பாத்தா அசப்புல நம்ம மணத்தக்காளிக் கீரை, அதே குடும்பம், அதே லேசான கசப்பு. டெரெரேன்னு ஒண்ணு, அது தண்டுக்கீரை வகை. குண்டே-ங்கிறது தட்டைப்பயறு இலை, அத நம்ம ஊர்ல மாட்டுக்குத்தான் போடுவோம், இங்க வதக்கிச் சாப்பிடுறாங்க, நல்லாவே இருக்கு. காலைல சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிற உஜி-ங்கிற கஞ்சி பெரும்பாலும் கேழ்வரகு மாவுதான். எங்க வீட்ல உதவிக்கு இருக்கிற அக்கா மேற்கு கென்யால ககமேகா பக்கத்துக்காரங்க, அவங்க கிண்டுற பக்குவத்தப் பாத்துட்டு எங்க அம்மா, இவ நம்ம ஊருக்காரிதான்னு சொல்லிட்டாங்க.

இதுல பெரிய விஷயம் என்னன்னா, கேழ்வரகு இங்கருந்துதான் நமக்கு வந்துச்சு. எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்துல முதல்ல பயிர் பண்ணதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கம்பு சகாரா பாலைவனத்துக்குத் தெக்கால இருக்கிற சாகேல் பகுதில இருந்து, சோளம் சூடான் பக்கத்துல இருந்து. புளிய மரத்துக்கும் ஆப்பிரிக்காதான் பூர்வீகம். ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்துற கூழ் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் தாண்டி வந்த தானியம். இத நான் பந்தில சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

பருப்பு கதை இன்னும் நேரடியானது. நீங்க அங்க சாம்பார்ல போடுற துவரம்பருப்புல ஒரு பங்கு மொசாம்பிக், தான்சானியா, மலாவில விளைஞ்சு கப்பல்ல வர்றது. 2016-ல மொசாம்பிக்கோட இந்தியா அதுக்குன்னே ஒப்பந்தம் போட்டுச்சு. 2023 கடைசில அங்க நகாலா துறைமுகத்துல வியாபாரிங்களுக்குள்ள தகராறாகி பருப்பு கன்டெய்னர் எல்லாம் மாட்டிக்கிச்சு, அந்த நேரத்துலதான் எங்க அண்ணி துவரம்பருப்பு விக்கிற வெலைக்கு ரசம் மட்டும்தான் வைக்கணும்னு குரூப்ல புலம்பிட்டு இருந்தாங்க. நான் நகாலா நியூஸ அனுப்புனேன். எனக்கு எதுக்கு மொசாம்பிக்குனு கேட்டாங்க. உங்க சாம்பார் அங்கதான் நிக்குது அண்ணின்னேன். பண்ருட்டில உடைக்கிற முந்திரியும் அப்படித்தான், பச்சைக்கொட்டை நிறைய ஐவரி கோஸ்ட் மாதிரி நாடுகள்ல இருந்து தூத்துக்குடி வழியா வருது.

மொம்பாசா போனா காலை டிபனுக்கு ம்பாஸி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. முழுத் துவரைய வேகவச்சு தேங்காப்பால்ல கொதிக்க விட்டு, ஏலக்காய் வாசனையோட மஹம்ரின்னு ஒரு பொரிச்ச பண்டம், அதத் தொட்டுச் சாப்பிடுறது. எங்க வீட்ல இப்ப ஞாயித்துக்கிழமை பூரிக்கு உருளைக்கிழங்குக்கு பதிலா அதுதான்.

அங்க சேஃப்டி எப்படி?

பெரிய ஊருக்கு இருக்கிற பயம் இருக்கு. கேட்டுக்கு காவலாளி, ஜன்னலுக்குக் கம்பி, டவுன்ல ரோட்டோரமா நின்னு போன் பேசுனா புடுங்கிட்டு ஓடிடுவாங்க. 2013-ல இங்க வெஸ்ட்கேட் மால்ல சோமாலியாவோட அல்ஷபாப் தீவிரவாதிங்க தாக்குதல் நடந்து 67 பேர் செத்தாங்க, நாங்க வந்தது அதுக்கு அப்புறம், இன்னிக்கும் எந்த மாலுக்குள்ள போனாலும் வண்டிக்கு அடில கண்ணாடி விட்டுப் பாத்துட்டுதான் விடுவாங்க. அதெல்லாம் பழகிடும்.

நான் உண்மையிலேயே பயந்தது 2024 ஜூன் 25, செவ்வாக்கிழமை. அந்த வருஷ நிதி மசோதாவுல ரொட்டிக்கு 16 சதவீதம் வாட், வண்டிக்கு வரி, எண்ணெய்க்கு வரின்னு போட்டிருந்தாங்க, எதிர்ப்பு வந்ததும் ரொட்டி வரிய எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள ஊர் பூரா காலேஜ் பிள்ளைங்க ரோட்டுக்கு வந்தாச்சு. தலைவர் கிடையாது, கட்சி கிடையாது, எல்லாம் டிக்டாக்கும் எக்ஸும்தான். அன்னிக்கு மசோதா பாஸ் ஆன உடனே பாராளுமன்றத்துக்குள்ளயே புகுந்துட்டாங்க, ஒரு பக்கம் தீயும் வச்சாங்க, போலீஸ் சுட்டுச்சு. நெட் வேற படுத்துடுச்சு. வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டேன்னு சொன்னதோட சரி, அப்புறம் போன் போகல. ககமேகா அக்கா கிச்சன்ல ரேடியோவ சத்தமா வச்சிக்கிட்டு உருளைக்கிழங்கு தோல சீவிக்கிட்டே இருக்காங்க, பாத்தா ஒரு பேசின் நிறைய ஆகிடுச்சு, நாலு பேருக்கு ஒரு வாரம் சாப்பிடலாம், அவங்க தம்பியும் அந்தக் கூட்டத்துல இருந்திருக்கான். வீட்டுக்காரர் ஏழு மணிக்கு நடந்தே வந்து சேந்தாரு. தம்பி மறுநாள்தான் போன் எடுத்தான். மறுநாளே அதிபர் ரூட்டோ கையெழுத்து போட மாட்டேன்னு மசோதாவ வாபஸ் வாங்கிட்டாரு. ஜூன் ஜூலை ரெண்டு மாசப் போராட்டத்துல 60 பேர் செத்தாங்கன்னு மனித உரிமை ஆணையம் கணக்கு சொல்லுச்சு, பெரும்பாலும் சின்ன வயசுப் பசங்க. அந்த உருளைக்கிழங்க என்ன பண்றதுன்னு தெரியாம பக்கத்து வீடெல்லாம் குடுத்தோம்.

அவங்க ஊர் அரசியல் உங்களுக்கு எதுக்கு? வேலையப் பாத்துட்டு வரலாம்ல?

சித்தப்பா எப்பவும் கேக்குறது இது. சித்தப்பா, அந்த ஊர் அரசியல் தெரியாம அந்த ஊர்ல பிள்ளைங்கள வளக்க முடியாது. இங்க அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆகஸ்ட் மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை தேர்தல், அரசியல் சாசனத்துலயே எழுதியிருக்கு. 2022-ல அதுக்காக ஸ்கூலயே ஒரு வாரத்துக்கு மேல மூடுனாங்க. தேர்தலுக்கு முந்தின வாரம் சூப்பர் மார்க்கெட்ல மாவு, எண்ணெய் எல்லாம் காலியாகிடும், எல்லாரும் அவங்கவங்க சொந்த ஊருக்கு பஸ் ஏறிடுவாங்க. ஏன் இந்த பயம்னா 2007 டிசம்பர் தேர்தல்ல முடிவு தகராறாகி இனக்கலவரமாகி ஆயிரம் பேருக்கு மேல செத்து, ஆறு லட்சம் பேர் வீட்ட விட்டு ஓடுனாங்க. முன்னாள் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து உக்காந்து பேசி 2008 பிப்ரவரில சமாதானம் பண்ணி வச்சாரு. எங்க அபார்ட்மென்ட்ல யார் எந்த இனம், யார் வீடு அப்ப எரிஞ்சுதுன்னு யாரும் வாய் திறந்து பேச மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். வந்து ஒரு வருஷம் கழிச்சுதான் எனக்கு அது புரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் சில பேர் ஏன் ஆகஸ்ட்ல மட்டும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறதில்லன்னு புரிஞ்சுது.

நல்லதும் நடக்குது, அதையும் சொல்லணும்ல. 2017-ல அதிபர் தேர்தல் முடிவையே சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, ஆப்பிரிக்கால அதான் முதல் தடவை. தலைமை நீதிபதி மராகா டிவில தீர்ப்பப் படிச்சப்ப எங்க பில்டிங் காவலாளி கேட்ட விட்டுட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தாரு. நம்ம ஊர்ல இப்படி நடக்குமான்னு அன்னிக்கு வீட்ல ஒரு பெரிய விவாதமே ஓடுச்சு.

அப்புறம் 2025 அக்டோபர் 15. அன்னிக்குதான் ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் ரைலா ஒடிங்கா பேர் தெரிஞ்சுது, ஏன்னா மனுஷன் செத்தது கேரளால, கூத்தாட்டுகுளத்துல, ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்த இடத்துல காலைல நடக்கும்போது. வயசு 80. முன்னாடி பிரதமரா இருந்தவர், அஞ்சு தடவ அதிபர் தேர்தல்ல நின்னு அஞ்சு தடவையும் தோத்தவர், ஆனா கென்யால அவர் பேச்ச எடுக்காம அரசியலே கிடையாது. உடம்பு வந்து இறங்குன அன்னிக்கு ஏர்போர்ட்ல இருந்து ஸ்டேடியம் வரைக்கும் ஜனம். அங்கயும் போலீஸ் சுட்டு உயிர் போச்சு. அன்னிக்கு நைட்டு அத்தை போன் பண்ணி, "நம்ம பக்கத்து ஸ்டேட்ல வந்து உசுர விட்டுட்டாரே பாவம், உங்கள யாரும் ஏதும் சொன்னாங்களா"ன்னாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. ககமேகா அக்கா மட்டும் அந்த ஆஸ்பத்திரி எப்படி இருக்கும், அங்க மழை பெய்யுமா, அவர யாராச்சும் நல்லா பாத்துக்கிட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

இந்தியர்கள அடிச்சு விரட்டிட்டா?

அது உகாண்டா, 1972, இடி அமின், 90 நாள் கெடு. இங்க அப்படி நடக்கல, ஆனா சுதந்திரத்துக்கு அப்புறம் 1960-கள் கடைசில குடியுரிமை பிரச்சனையால ஆயிரக்கணக்கான பேர் பிரிட்டனுக்குக் கிளம்புனாங்க. இங்க இருக்கிற இந்தியர்கள் பெரும்பாலும் குஜராத்தி, பஞ்சாபி, 1896-ல ரயில் பாதை போட ஆரம்பிச்ச காலத்துல இருந்து மூணு நாலு தலைமுறையா இருக்கிறவங்க. 2017-ல அரசாங்கம் அவங்கள நாட்டோட 44-வது இனம்னு அறிவிச்சிடுச்சு. நம்ம தமிழ் ஆளுங்க கொஞ்சம்தான், அதுவும் எங்கள மாதிரி பர்மிட்ல வந்துட்டுப் போறவங்க.

இதுல எனக்கு ஒரு கோபம் இருக்கு. இங்க மக்கன் சிங்னு ஒருத்தர் இருந்தாரு, தொழிற்சங்கக்காரர், 1950-லயே நைரோபில கூட்டம் போட்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு முழு சுதந்திரம் வேணும்னு கேட்டதுக்கு பிரிட்டிஷ்காரன் பதினோரு வருஷம் அடைச்சு வச்சான். பியோ காமா பின்டோன்னு இன்னொருத்தர், கோவா வம்சாவளி, 1965-ல வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னாங்க, சுதந்திர கென்யால நடந்த முதல் அரசியல் கொலைன்னு சொல்வாங்க. இவங்க பேரு எங்க நட்பு வட்டத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. பத்து வருஷம் இருந்தும் வேலைக்காரங்க, டிரைவர் தவிர ஒரு கென்யா ஆளயும் தெரியாது, யார் வீட்லயும் போய் சாப்பிட்டது கிடையாது, ஆனா "இவங்க எல்லாம் இப்படித்தான்"னு மட்டும் கரெக்டா சொல்வாங்க. விரட்டிடுவாங்களான்னு பயப்படுறதும் அவங்கதான்.

பிள்ளைங்க கறுத்துப் போகாதா?

இது கல்யாண வீட்டுக் கேள்வி, சிரிச்சிக்கிட்டே கேப்பாங்க. போன தடவ ஒரு பெரியம்மா பெரியவ முன்னாடியே கேட்டுட்டாங்க. அவ, "கறுத்தா என்ன பெரியம்மா, என் பெஸ்ட் ஃப்ரெண்ட் என்ன விட கறுப்பு, அவதான் கிளாஸ்லயே அழகு"ன்னுட்டா. பந்தி அமைதியாகிடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். ஆனா அவ அதோட விடல, ராத்திரி என்கிட்ட வந்து நம்ம படத்துல ஏன் கறுப்பா இருக்கிறவங்கள வச்சே காமெடி பண்றாங்க, 2017-ல டெல்லி பக்கத்துல கிரேட்டர் நொய்டால ஆப்பிரிக்க ஸ்டூடண்ட்ஸ ஏன் அடிச்சாங்கன்னு கேட்டா. நொய்டா விஷயம் அவளுக்கு ஸ்கூல்ல ஒரு பையன் சொல்லியிருக்கான், அவன் மாமா அப்ப இந்தியால படிச்சிட்டு இருந்தாராம். நாம அவங்கள எப்படிப் பாக்குறோம்னு இங்க எல்லாருக்கும் தெரியும், 2018-ல கானா யுனிவர்சிட்டில காந்தி சிலையவே எடுத்தாங்க, அவர் இளம் வயசுல கறுப்பர்களப் பத்தி எழுதுனதக் காட்டி. பதில் சொல்ல நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். ஃபேர்னஸ் க்ரீம் பரிசா குடுக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், எங்களுக்கு வேணாம்.

தமிழ் மறந்துடாதா?

வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷும் சுவாஹிலியும், ஃப்ரெண்ட்ஸோட ஷெங், அது ரெண்டையும் கலந்த நைரோபி பாஷை. சின்னவன் கோவம் வந்தா ஷெங்ல திட்டுவான், எனக்குப் புரியாதுன்னு நினைக்கிறான்.

படிப்பு?

நாங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்ல போடல, இந்த ஊர் பாடத்திட்டம்தான். முன்ன 8-4-4-ன்னு (ஆரம்பப் பள்ளி எட்டு வருஷம், உயர்நிலை நாலு, காலேஜ் நாலு) இருந்தத மாத்தி திறன் அடிப்படையிலான கல்வின்னு கொண்டு வந்திருக்காங்க, அதுல பாதி வீட்டுப்பாடம் அப்பா அம்மாவுக்குத்தான். ராத்திரி ஒம்பது மணிக்கு, காலைல சோளக்கொல்லை பொம்மை செஞ்சு எடுத்துட்டு வரணும்மான்னு சின்னவன் வந்து நிப்பான். பொம்மைக்கு அவனோட பழைய சட்டை, அப்பாவோட தொப்பி, என்னோட தொடப்பக்கட்டை. பெரிய லீவு நவம்பர் டிசம்பர்லதான், அதனாலதான் நாங்க மே மாசத்துல வர மாட்டேங்குறோம், கோபம் எதுவும் இல்ல.

பணம் காசு எப்படி?

எல்லாமே எம்-பெசா. 2007-ல ஆரம்பிச்சது, நம்ம யூபிஐ வர்றதுக்கு ஒம்பது வருஷம் முன்னாடி, பட்டன் போன்லயே வேலை செய்யும், கீரை வாங்குறதுல இருந்து ஸ்கூல் ஃபீஸ் வரைக்கும். ஆனா அத விட நான் சொல்ல விரும்புறது ஹராம்பே. யார் வீட்லயாச்சும் சாவு, ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ்னா உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப், அதுல ஒரு பொருளாளர், யார் எவ்ளோ போட்டாங்கன்னு லிஸ்ட் ஓடும், நம்ம மொய் நோட்டு மாதிரியே, ஆனா திருப்பிச் செய்யணும்னு கணக்கு கிடையாது. எங்க மாடி வீட்டு தாத்தா இறந்தப்ப எங்களையும் சேத்தாங்க. தினம் சாயந்திரம் கூடி சவப்பெட்டி, பஸ், சாப்பாடுன்னு பேசுவாங்க, உடம்ப சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் போய்த்தான் புதைப்பாங்க. டீ போட்டுக் குடுக்குற வேலை எனக்கு. அந்த ஒரு வாரத்துல எனக்குத் தெரிஞ்ச கென்யா, அதுக்கு முன்னாடி எல்லாம் சேத்தாலும் வராது.

ஆப்பிரிக்கா நியூஸ் எங்க பாக்குறது? தமிழ்ல ஒண்ணும் வர்றதில்லையே?

வர்றதில்லதான், சிங்கம் மனுஷனக் கடிச்சா வரும். கென்யாவுக்கு டெய்லி நேஷன், சிட்டிசன் டிவி. கண்டம் பூராவுக்கும்னா தி கான்டினென்ட்னு ஒரு வாரப் பத்திரிகை, 2020-ல ஆரம்பிச்சது, பிடிஎஃப்பா வாட்ஸ்அப்லயே அனுப்புவாங்க, காசு கிடையாது. மாமா அத சப்ஸ்கிரைப் பண்ணிட்டாரு.

சூடான மட்டும் தயவுசெஞ்சு படிங்க. 2023 ஏப்ரல் 15-ல ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப்-ங்கிற துணை ராணுவப் படைக்கும் ஆரம்பிச்ச சண்டை, ஒரு கோடிக்கும் மேல ஜனம் வீடு இழந்தாச்சு. ஆபரேஷன் காவேரின்னு இந்திய அரசாங்கம் அங்கருந்து நம்ம ஆளுங்கள கூட்டிட்டு வந்தப்ப நாலு நாள் நியூஸ்ல வந்துச்சு, அப்புறம் நம்ம சேனல்ல அந்த நாடே காணாமப் போச்சு. சின்னவன் கிளாஸ்ல சூடான் தலைநகரம் கார்ட்டூம்ல இருந்து வந்த பையன் ஒருத்தன் இருக்கான், பட்டாசு சத்தம் கேட்டா டெஸ்குக்கு அடில போயிடுறான், அதனால தீபாவளிக்கு எங்க வீட்டுக்குக் கூப்பிட்டப்ப மத்தாப்பு மட்டும்தான் கொளுத்துனோம். 2025 பிப்ரவரில ஆர்எஸ்எஃப் ஆளுங்க நைரோபிலயே உக்காந்து போட்டி அரசாங்கத்துக்கு கையெழுத்து போட்டாங்க, கோபத்துல சூடான் கென்யா டீத்தூள வாங்குறத நிறுத்துச்சு. டீ விக்காம தவிச்சது கென்யா விவசாயிங்க.

என்ன ஊசி போடணும்?

மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டு அந்த மஞ்சள் அட்டைய பத்திரமா வச்சிக்கோங்க, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுவாங்க. அட்டை இல்லாம இங்கருந்து இந்தியா திரும்புனா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. ஒம்பது மாசம் ஆகாத குழந்தைக்குப் போட மாட்டாங்க.

எப்பதான் திரும்பி வருவீங்க?

பர்மிட் ரினியூ ஆகுற வரைக்கும் இருப்போம். அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்ட் 10, அந்த மாசம் பிள்ளைங்கள கூட்டிட்டு ஊருக்கு வந்துடுன்னு அம்மா இப்பவே சொல்லியாச்சு. பெரியவ வர மாட்டேங்குறா, அவ ஃப்ரெண்டோட அக்காவுக்கு முதல் ஓட்டாம், கூடப் போய் வரிசைல நிக்கணுமாம். நான் இன்னும் சரின்னு சொல்லல, வீட்டுக்காரர் ரெண்டுக்கும் டிக்கெட் விலை பாத்துக்கிட்டு இருக்காரு. இந்த டிசம்பர்ல கண்டிப்பா வர்றோம், மனாகு விதை கேட்ட சித்தி இன்னொரு தடவ ஞாபகப்படுத்துங்க, கஸ்டம்ஸ்ல விடுவாங்களான்னு கேட்டுச் சொல்றேன்.